ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கிலோ

வாங்கப் போவதில்லை என்று தெரிந்த சாமானுக்கும் விலை கேட்பது என் பழக்கம். திருவனந்தபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். சனிக்கிழமை காலைகளில் சாலை என்கிற கடைத்தெருவுக்குப் போய் வாரத்துக்கு வேண்டியதை வாங்கி வருவேன். திங்கட்கிழமை அலுவலகத்தில் சின்ன வெங்காயம் என்ன விலை, நேந்திரம்பழம் இறங்கியிருக்கிறதா என்று பக்கத்து மேசைக்காரர்கள் என்னிடம்தான் கேட்பார்கள். "நீ கடைக்குப் போறியா, பரீட்சை எழுதப் போறியா?" என்று என் கணவர் சிரிப்பார். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஓய்வு பெற்ற பிறகு விலையைச் சொல்லவும் ஆளில்லை. இருந்தாலும் கேட்பதை நான் விடவில்லை.

என் மகளுக்கு நகரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலை. அவளுடைய கம்பெனி அவளை இரண்டு வருஷத்துக்கு ஜப்பானுக்கு அனுப்பியது. டோக்கியோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊரில் வீடு. முதல் குளிர்காலத்திலேயே உறைந்து கிடந்த படியில் வழுக்கி விழுந்து, முழங்காலில் ஆபரேஷன் செய்யும்படி ஆகிவிட்டது.

"ஒண்ணும் இல்லேம்மா, வெறும் லிகமென்ட்தானாக்கும். நீ பேடிக்காதே" என்றாள் போனில்.

பயப்படாதே என்பதற்குக்கூட மலையாளம்தான் அவளுக்கு முதலில் வாயில் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படி. அவள் குரலைக் கேட்டதுமே நான் பெட்டியை எடுத்துக் கீழே வைத்துவிட்டேன். அதுவரை நான் இந்தியாவைத் தாண்டியதில்லை.

போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் வீட்டில் காய்கறி தீர்ந்துவிட்டது. மகள் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடை ஐந்து நிமிஷ நடை. இடது பக்கம் திரும்பினால் தெரியும்.

"பாஷை தெரியாமே எப்படிடீ வாங்கறது?"

"அங்கே யாரும் பேசவே வேண்டா. எல்லாத்துலயும் விலை எழுதியிருக்கும். நூறு யென்னுன்னா அறுபது ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவுதான் கணக்கு."

கதவு தானாகத் திறந்தது. உள்ளே போன நான் காய்கறிப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டேன். அவ்வளவு காய்கறிக்கும் மண் வாசனையே இல்லை. ஒரு கேரட் தனியாக ஒரு பையில் இருந்தது. முட்டைக்கோசைச் சரிபாதியாக வெட்டி, வெட்டுப்பட்ட முகம் தெரியும்படி கண்ணாடித் தாளில் சுற்றி வைத்திருந்தார்கள். பூசணியில் கால் பாகம், விதைகளோடு, படம் வரைந்தது போல் இருந்தது. வெண்டைக்காய் ஒரு பச்சை வலைப்பைக்குள் எட்டே எட்டு. ஒரே நீளத்தில், ஒரே நிறத்தில். விலையைப் பார்த்தேன். ரூபாயாக மாற்றிப் பார்த்தேன். ஒரு வெண்டைக்காய் பதினாலு ரூபாய்க்கு மேல். சாலையில் அந்த எட்டின் விலைக்கு இரண்டரைக் கிலோவுக்கு மேலேயே வாங்கி, நுனியை ஒடித்துப் பார்த்து முற்றலைத் திருப்பியும் போட்டிருப்பேன்.

அடுத்த தட்டில் பார்த்தால் முள்ளங்கி. என் முழங்கையளவு நீளம், அதைவிடப் பருமன். எங்கள் ஊர் விலையோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான் கூடுதல். அதற்கும் அப்பால் வாழைப்பழம், சீப்புச் சீப்பாக, ஒரு புள்ளிகூட இல்லாமல் மஞ்சளாக இருந்தது. வெளியே தெருவோரத்தில் பனி இன்னும் குவிந்து கிடக்கிறது, உள்ளே வாழைப்பழம். கப்பலில் வருகிறது என்று மகள் பிறகு சொன்னாள். ஐந்து பழம் இருநூறு யென். அன்றைக்கு ஆச்சரியப்பட்டேனே தவிர, அந்த விலையின் முழு அர்த்தம் எனக்குப் புரிய இன்னும் பல மாதம் ஆயிற்று.

பழப் பகுதியின் கோடியில் ஒரு முலாம்பழம் மரப்பெட்டிக்குள் வைக்கோல் போன்ற எதன் மேலோ படுத்திருந்தது. காம்பு 'T' போல நிமிர்ந்து நின்றது. அதன் விலைச்சீட்டில் இருந்த எண்ணை இரண்டு தடவை வாசித்தேன். அந்தக் காசுக்கு எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக் காஸ் சிலிண்டர் வாங்கலாம், மிச்சமும் இருக்கும். பக்கத்தில் வந்த ஒரு கிழவர் அந்தப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்து, மெல்லத் தலையசைத்துவிட்டு நகர்ந்தார். நானும் அவரைப் போலவே தலையசைத்துவிட்டு நகர்ந்தேன்.

கஷ்டம் பாக்கெட் சாமான்களில்தான் வந்தது. நாங்கள் சைவம். மகள் எழுதித் தந்த தாளில் இருந்த எழுத்துகளைப் பாக்கெட்டில் இருக்கும் எழுத்துகளோடு பொருத்திப் பார்த்துக்கொண்டே ஒரு சூப் பொடியின் முன்னால் ரொம்ப நேரம் நின்றிருப்பேன் போல. எழுபது வயதிருக்கும் ஒரு பெண்மணி என் பக்கத்தில் வந்தார். குட்டையான உருவம், சாம்பல் நிறக் கோட்டு, தோளில் துணிப்பை. என் கையிலிருந்த பாக்கெட்டைப் பார்த்தார், என் நெற்றியில் இருந்த பொட்டைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். பிறகு வலது கையைக் காற்றில் வளைத்து வளைத்து நீந்த விட்டார். மீன்.

நான் பாக்கெட்டைத் திரும்ப வைத்தேன். அடுத்ததை எடுத்தேன். கை மறுபடி நீந்தியது. அடுத்தது. அதுவும் மீன்தான். அந்த வரிசை முழுக்க மீன். நாலாவது வரிசையில் ஒரு பொடியை அவரே எடுத்து, கையை நீட்டி அசையாமல் வைத்துக் காட்டினார். மீன் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

பில் போட்டு வெளியே வந்தோம். அவரும் நான் வந்த வழியிலேயே வந்தார். எங்கள் கட்டடத்துக்குள்ளேயே நுழைந்து, கீழ்த்தளத்தில் முதல் கதவைத் திறந்தார். எங்கள் வீடு அதற்கு நேர் மேலே.

கீழ்வீட்டம்மா என்றுதான் நானும் மகளும் அவரைச் சொல்வோம். அந்தக் கடையின் சமையல் பகுதியிலேயே பதினேழு வருஷம் வேலை பார்த்தவர். கறிகாய் நறுக்குவது, உருளைக்கிழங்கு வடை மாதிரி ஒன்றைச் செய்து டப்பாவில் அடுக்குவது. தினமும் ஐந்து மணி நேரம். முந்தின வருஷம்தான் வேலையிலிருந்து நின்றிருந்தார். தனியாக இருந்தார். என் மகள் என்னை "அம்மா, அம்மா" என்று கூப்பிடுவதைக் கேட்டு அதுவே என் பெயர் என்று நினைத்து, மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்து 'அம்மா-சான்' என்று என்னைக் கூப்பிட ஆரம்பித்தார். நான் திருத்தவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நாங்கள் சேர்ந்துதான் கடைக்குப் போனோம். அவர் தன் போனில் பேசுவார். போன் அதைத் தமிழில் சொல்லும், வானொலியில் செய்தி வாசிப்பவர் குரலில். "தாங்கள் இன்று முட்டைக்கோஸ் கொள்முதல் செய்தல் உகந்தது" என்று அது சொல்லும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

சாயங்காலம் ஆறரை மணிக்குப் போகவேண்டும் என்பதை அவர்தான் சொல்லித் தந்தார். அந்த நேரத்தில் கடை ஊழியர் ஒருவர் ஒட்டுச்சீட்டுக் கட்டோடு வருவார். அன்றைக்கு விற்றுத் தீரவேண்டிய சாமான்களின் மேல் விலைக் குறைப்புச் சீட்டை ஒட்டிக்கொண்டே போவார். முதல் சுற்றில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். நான் கையை நீட்டினேன். கீழ்வீட்டம்மா என் முழங்கையை லேசாகத் தொட்டு, வேண்டாம் என்று தலையசைத்தார். கொஞ்ச நேரம் அங்கே இங்கே பார்ப்பது போல நடந்தோம். எங்களைப் போலவே ஏழெட்டுப் பேர் அங்கே இங்கே பார்ப்பது போல நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் சாமானை எடுத்து வைத்துக்கொள்ளவில்லை, ஒருவரையும் இடிக்கவில்லை. ஊழியர் இரண்டாவது தடவை வந்து பாதி விலைச் சீட்டை ஒட்டி, குனிந்து வணங்கி, ஒதுங்கினார். அதற்குப் பிறகுதான் கைகள் நீண்டன. ஒருவருக்கு ஒன்று. ஓணத்துக்கு முந்தின நாள் சாலையில் கூட்டத்துக்குள் முழங்கையால் வழி செய்துகொண்டு போய்ப் பழகிய எனக்கு, அந்தப் பொறுமையைப் பார்க்க உடம்பு சிலிர்த்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என்னை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போனார். வீடுகளுக்கு நடுவே சின்னச் சின்ன வயல்கள். ஒரு வயலின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட அலமாரி. அதில் கீரைக்கட்டு, வெங்காயத்தாள், முள்ளங்கி. எது எடுத்தாலும் நூறு யென். ஆளே இல்லை. துளை போட்ட ஒரு தகர டப்பா ஆணியில் தொங்கியது. கீழ்வீட்டம்மா கீரையை எடுத்துப் பையில் வைத்தார். டப்பாவில் காசைப் போட்டார். அது உள்ளே விழும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், வியாபாரம் முடிந்தது.

நான் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. சுற்றிப் பார்த்தேன். ஒரு ஜன்னல்கூட அந்தப் பக்கம் திறந்திருக்கவில்லை. போனை வாங்கிக் கேட்டேன்: "யாரும் காசு போடாமல் எடுத்துக்கொண்டு போகமாட்டார்களா?"

அவர் கொஞ்சம் யோசித்துப் பேசினார். போன் வாசித்தது: "சில தினங்களில் காசு குறைவாக இருக்கும் என்று விவசாயி கூறுகிறார். சில தினங்களில் அதிகமாகவும் இருக்குமாம்."

அதிகமாகவும் இருக்குமாம். யாரோ ஒருவர் ஆள் இல்லாத இடத்தில் கூடுதலாகப் போட்டுவிட்டுப் போகிறார். அன்று மாலை கீரையை ஆய்ந்துகொண்டிருந்தபோதும் எனக்கு அந்த நினைவாகவே இருந்தது. மகளிடம் இரண்டு தடவை சொன்னேன். "அம்மா, நீ இதையே சொல்லிண்டிருக்கே" என்றாள்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் அரிசி வாங்கப் போனோம். அரிசித் தட்டு முக்கால்வாசி காலி. மிச்சம் இருந்த மூட்டைகளின் மேல் ஒரு அட்டை. குடும்பத்துக்கு ஒன்றுதான் என்று எழுதியிருப்பதாகக் கீழ்வீட்டம்மா விரலைக் காட்டிச் சொன்னார். ஐந்து கிலோ நாலாயிரத்து முந்நூறு யென். முந்தின வருஷம் அதில் பாதிதான் இருந்ததாம். கணக்குப் போட்டால் நம் காசில் கிலோ ஐந்நூறு ரூபாய். அவர் ஒரு மூட்டையைக் கையில் எடுத்தார். குழந்தையை ஏந்துவது போல் ஏந்திக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு அதைத் திரும்ப இருந்த இடத்தில் நேராக வைத்து, பக்கத்துத் தட்டில் நூடுல்ஸ் இரண்டு பாக்கெட் எடுத்துக்கொண்டார்.

அரிசிச் சோறு தின்று வளர்ந்த ஒருவர் அரிசியைத் திரும்ப வைப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று தோன்றி, வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுநாள் எங்கள் வீட்டு அரிசியில் தயிர்சாதம் பிசைந்து, கடுகு தாளித்து, ஒரு கிண்ணத்தில் கொண்டு போய்க் கொடுத்தேன். அந்த ஊர் அரிசி குழைவு. தயிர்சாதத்துக்கென்றே விளைந்த மாதிரி இருந்தது. அவர் ஒரு வாய் சாப்பிட்டுக் கண்ணை மூடினார். திறந்தார். மறுபடி சாப்பிட்டார். அவர் சொன்னதைப் போன் இப்படி வாசித்தது: "சோறும் பாலும் சந்திக்கும் என்று எனக்கு எவரும் தெரிவிக்கவில்லை."

மகள் கால் ஊன்றி நடக்கத் தொடங்கியதும் நான் ஊர் திரும்பினேன். அந்த வருஷக் கடைசியில் அவளுக்குப் பத்து நாள் லீவு கிடைத்தது. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு போன் செய்தாள்.

"அம்மா, கீழ்வீட்டம்மாவும் வரேங்கறா. டிக்கெட்டுக்குக் காசெல்லாம் எடுத்து வெச்சாச்சு. பாஸ்போர்ட்டே இப்போதானாக்கும் எடுத்திருக்கா."

"இங்கே வந்து என்ன பாக்கணுமாம்? பொன்முடி, கோவளம்?"

"அதெல்லாம் நானும் சொன்னேன். நீ காய்கறி வாங்கற எடத்தைப் பாக்கணுமாம். அது மட்டும் பார்த்தா மதியாம்."

வந்த மறுநாள் சனிக்கிழமை. காலை எட்டரைக்கு மூன்று பேரும் ஆட்டோவில் சாலைக்குப் போனோம். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கீழ்வீட்டம்மா இறங்கினார். தலைச்சுமைக்காரர்கள் வழி கேட்டுக் கத்திக்கொண்டு போனார்கள். ஒரு வாழைக்காய் லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. வாழைக்குலைகள் கயிற்றில் வரிசையாகத் தொங்கும் கடைக்கு முன்னால் அவர் நின்றார். செவ்வாழை, நேந்திரன், பாளையங்கோடன், ரசகதலி, பூவன். ஒவ்வொன்றாகத் தொட்டு, ஒவ்வொன்றின் பெயரையும் என்னைச் சொல்லச் சொன்னார். வாழைப்பழத்தில் இரண்டாவது ஜாதி உண்டு என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியுமாம். நாற்பது ரூபாய்க்கு, அவர் கணக்கில் அறுபத்தெட்டு யென்னுக்கு, வெண்டைக்காய் ஒரு கிலோ வாங்கினேன். அதைக் கையில் வாங்கிப் பார்த்தவர் பையின் கனத்தை நம்ப முடியாமல் இரண்டு கையாலும் தூக்கித் தூக்கிப் பார்த்தார். கடைக்காரி கறிவேப்பிலை ஒரு கொத்தும் பச்சைமிளகாய் நாலும் மேலே போட்டாள். கீழ்வீட்டம்மா உடனே பர்ஸைத் திறந்தார்.

"அதுக்குக் காசு வேண்டா. அது சும்மா போடறதாக்கும்னு சொல்லுங்கோ" என்றாள் கடைக்காரி.

மகள் மொழிபெயர்த்தாள். அவர் நம்பவில்லை. மறுபடி கேட்டார். பிறகு கடைக்காரியைப் பார்த்து இடுப்பு வரை குனிந்து வணங்கினார். கடைக்காரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இன்னும் ஒரு கொத்து கறிவேப்பிலையை எடுத்துப் போட்டாள்.

அங்கிருந்து அரிசிக் கடைக்குப் போனோம். நான் இருபது வருஷத்துக்கு மேலாக அரிசி வாங்கும் கடை. வாசலிலிருந்து உள்ளே கடைசி வரைக்கும் வாய் திறந்த சாக்குகள். மட்டை, ஜயா, பொன்னி, பச்சரிசி, இட்லி அரிசி, கஞ்சிக்குக் குருணை. ஒவ்வொரு சாக்கிலும் விலை எழுதிய அட்டை குத்தி வைத்திருக்கும். கீழ்வீட்டம்மா வாசல்படியிலேயே நின்றுவிட்டார். சாக்குகளை விரல் விட்டு எண்ணினார். பதினான்கு.

"தொட்டுப் பாக்கலாமான்னு கேக்கறா" என்றாள் மகள்.

கடைக்காரர் தென்காசிப் பக்கத்துக்காரர். "தொடட்டும் மாமி, அதுக்கென்ன, குழப்பமில்ல" என்றார்.

கீழ்வீட்டம்மா முழங்கை வரை சட்டையை மடக்கிவிட்டு, ஒரு சாக்குக்குள் கையை மெல்ல இறக்கினார். மணிக்கட்டு மறைந்தது. கையை வெளியே எடுக்காமல் அப்படியே குனிந்து நின்றார். கண்கள் நனைந்திருந்தன. கடைக்காரர் தராசை நிறுத்திவிட்டுப் பார்த்தார். குடும்பத்துக்கு ஒன்றுதான் என்ற அந்த அட்டை எனக்கும் அவருக்கும் மட்டும்தான் ஞாபகம் வந்திருக்கும்.

விலை கேட்டார். கிலோ ஐம்பத்திரண்டு ரூபாய் என்றேன். தன் போனில் யென்னாக மாற்றினார். அழித்துவிட்டு மறுபடி மாற்றினார். பிறகு கடையின் மூலையில் முறத்தில் அரிசியைப் புடைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார். நாற்பது வயதிருக்கும். சங்கரன்கோவில் பக்கம். எட்டு வருஷமாக அங்கே வேலை செய்கிறாள். கீழ்வீட்டம்மா போனிடம் ஏதோ சொன்னார். செய்தி வாசிக்கும் குரல் கடை முழுக்கக் கேட்டது: "இந்தப் பெண்மணிக்கு ஒரு நாள் ஊதியம் எவ்வளவு?"

எனக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. முதலாளி அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பெண் அவரைப் பார்த்தாள்.

"சொல்லு, அதுல என்ன இருக்கு" என்றார் அவர்.

"அறுநூறு ரூவா மாமி. காலேல எட்டுக்கு வந்தா ஆறு மணி ஆவும். இடையில ஒரு மணிக்கூர் சோத்துக்கு."

ஒன்பது மணி நேரம். கீழ்வீட்டம்மா வகுத்தார். தனக்குக் கடைசியாக மணிக்கு ஆயிரத்தெண்பது யென் கிடைத்தது என்று சொல்லி, அதைத் தன் ஊர் அரிசி விலையால் வகுத்தார். என்னிடம் போனை நீட்டினார். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு மணி நேரம் வேலை செய்தால் அந்தப் பெண்ணுக்கு ஒன்றேகால் கிலோ அரிசி. ஒரு மணி நேரம் வேலை செய்தபோது கீழ்வீட்டம்மாவுக்கும் ஒன்றேகால் கிலோ அரிசி. நூறு கிராம்கூட வித்தியாசமில்லை.

நானே காகிதத்தில் எழுதிப் போட்டுப் பார்த்தேன். அதேதான் வந்தது. இத்தனை மாதமாக யென்னை ரூபாயாக்கி, பத்து மடங்கு, இருபது மடங்கு என்று அதிசயப்பட்டுக்கொண்டிருந்தேன். முப்பது வருஷமாக இந்தத் தெருவில் எல்லாவற்றின் விலையையும் கேட்டிருக்கிறேன். இந்தப் பெண்ணிடம் எட்டு வருஷமாகப் "பொன்னி நல்லா இருக்கா" என்று கேட்டிருக்கிறேனே தவிர, உன் கூலி என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"ஒண்ணேகால் கிலோ நிறுத்துக் காட்டச் சொல்லுங்கோங்கறா" என்றாள் மகள்.

கடைக்காரர் நிறுத்தார். தட்டில் ஒரு சின்ன வெள்ளைக் குவியல். கல் பொறுக்கும் பெண்ணும் முறத்தை வைத்துவிட்டு வந்தாள். நாங்கள் எல்லோரும் அதைச் சுற்றி நின்று பார்த்தோம். ஒரு மணி நேரம் இவ்வளவுதான் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. இவ்வளவு இருக்கும் என்றும் தெரியாது.

"அப்போ நானும் இவியளும் ஒண்ணுதானா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

மகள் சொன்னதும் கீழ்வீட்டம்மா பலமாகத் தலையாட்டினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

அந்தப் பெண் அதோடு விடவில்லை. "பழத்துக்குப் போடுங்க மாமி. பழம் அங்க வெளையாதுல்லா, வெல சாஸ்தி இருக்கும்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். போட்டுப் பார்த்தோம். ஒரு மணி நேர வேலைக்குக் கீழ்வீட்டம்மாவுக்கு நாலு கிலோ வாழைப்பழம் கிடைக்கும். பனி விழும் ஊரில், கடல் கடந்து வருகிற பழம். இந்தப் பெண்ணுக்கு, குலைகள் தொங்கும் தெருவில் நின்றுகொண்டு, நேந்திரன் ஒரு கிலோகூட வராது. பாளையங்கோடன் ஒன்றே கால் கிலோ. பாலுக்குப் போட்டோம். அங்கே நாலரை லிட்டர், இங்கே ஒன்றே கால்.

சிரிப்பு நின்றுவிட்டது. தட்டில் அரிசி அப்படியே இருந்தது. அந்தப் பெண் வெளியே வாழைக்கடைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். "அரிசி மட்டும்தான் ஒண்ணுபோல வருது, பாத்தியளா" என்றாள். குரலில் வருத்தம் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதிசயம் இருந்தது. என்னிடம் இருந்த அதே அதிசயம்.

கீழ்வீட்டம்மா அந்த ஒன்றேகால் கிலோவை வாங்கிக்கொண்டார். வேறு பையில் போடவிடாமல் தன் துணிப்பையில் தனியாக வைத்துக்கொண்டு வந்தார். அன்று மத்தியானம் என் சமையலறையில் அவரே அதைக் கழுவினார். மூன்று தடவை தண்ணீர் மாற்றி, உள்ளங்கையால் மெல்லத் தேய்த்துக் கழுவினார். அதில் மூன்று பேரும் எத்தனை வேளை சாப்பிட முடிகிறது என்று பார்க்கவேண்டும் என்றார். சனி மத்தியானம், இரவு, ஞாயிறு மத்தியானம், ஞாயிறு இரவு. திங்கட்கிழமை காலை மிச்சத்தில் நான் தண்ணீர் ஊற்றி வைத்திருந்ததை உப்புப் போட்டுச் சாப்பிட்டோம். ஒருவர் ஒரு மணி நேரம் நின்றுகொண்டு வேலை செய்தது, மூன்று பேருக்கு ஐந்து வேளை. கீழ்வீட்டம்மா விரல்களை மடக்கி எண்ணிவிட்டுத் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழு வருஷம் கறிகாய் நறுக்கிய கைகள்.

அவர் திரும்பிப் போனபின் அடுத்த சனிக்கிழமை அரிசிக் கடைக்குப் போனேன். கல் பொறுக்கும் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"மாமி, அவிய ஊர்ல முட்டைக்கு ஒரு மணிக்கூருக்கு எத்தன வரும்? கேட்டுச் சொல்லுதியளா?"

அன்றைக்கே கேட்டேன். பதில் உடனே வந்தது, முட்டை டப்பாவின் படத்தோடு. அடுத்த வாரம் அவளிடம் சொன்னேன். இங்கே ஒன்பது, அங்கே முப்பத்தெட்டு.

அவள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"முப்பத்தெட்டா?" என்றாள். "தனியாத்தான இருக்காவன்னு சொன்னிய. அத்தன முட்டையையும் வச்சு என்ன செய்வாவ?"

அதையும் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.